ராக்கப்பன் வீட்டு ஒன்பதாம் குழி

ஸ்காட்லாந்தின் கடலோரத்தில் இருக்கும் அந்தப் பழைய மைதானத்துக்குப் போய் ஒரு தடவையாவது கோல்ஃப் ஆடிவிட்டு வருவதென்று நாங்கள் நான்கு பெண்கள் முடிவெடுத்த வருடத்தின் ஆனி மாதத்தில், ஒரு திங்கட்கிழமை, எங்கள் மலைக் கிளப்பின் ஒன்பதாம் குழி தான் இருந்த இடத்தை விட்டுக் கிளம்பி, வேலியைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் நான்காவது வீட்டுக்குள் நுழைந்து, அடுப்புக்கு ஐந்தடி தள்ளி சிமெண்ட் தரையில் அமர்ந்துகொண்டது.

காலையில் புல் வெட்டப் போன மாதையன் பார்த்தபோது கொடிக்கம்பு தரையில் சாய்ந்து கிடந்தது. குழி இருந்த இடத்தில் புல் இருந்தது, என்றைக்கும் அங்கே புல்லாகவே இருந்ததுபோல. அதே நேரத்தில் நான்காவது வீட்டில் கஞ்சி வடிக்கத் திரும்பிய வீராயியின் குதிகால் ஒரு பள்ளத்தில் இறங்கியது. எலி வளை என்று நினைத்துக் குனிந்து பார்த்தவள், உள்ளே வெள்ளையடித்த தகரக் குவளையையும் அதன் விளிம்பில் ஒன்பது என்ற எண்ணையும் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணைக் கூப்பிட்டாள்.

"எலிதான்" என்றாள் சின்னப்பொண்ணு. "நம்பர் போட்டு வளை தோண்டியிருக்கு. படிச்ச எலி."

மாதையன் அன்றைக்கே பழைய இடத்தில் புதுக் குழி வெட்டினான். சாயங்காலத்துக்குள் அது மூடிக்கொண்டது. மறுநாளும் வெட்டினான், அதற்கு மறுநாளும் வெட்டினான். தொட்டுப் பார்த்தால் தழும்பு கூட இல்லை. வீராயி வீட்டிலோ குழியைச் சுற்றி, சிமெண்டில் ஒரு விரிசலும் விடாமல், ஒரு பாய் அகலத்துக்குப் புல் வந்திருந்தது. யாரும் வெட்டாமலே வெட்டிய உயரத்தில் நின்றது. லைன் வீடுகளில் இருந்தவர்கள் இரண்டு நாள் வந்து பார்த்தார்கள். யாரோ கற்பூரம் கொண்டுவந்தார்கள். வீராயி அதை வாங்கி மாடத்தில் வைத்துவிட்டு, "இது சாமி இல்ல, கிளப்புச் சாமான். கேட்டா திருப்பிக் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டாள். பிள்ளைகள் அதில் கோலி உருட்டினார்கள், ஒரு கோழி முட்டையிட்டுப் பார்த்தது, உருண்டை அடிப் பானை அதற்குள் ஆடாமல் உட்காருவதைக் கண்டுபிடித்த வீராயி அதன்மேல் சோற்றுப் பானையை வைத்துக்கொண்டாள், மூன்றாம் நாள் மாதையனிடம் கிளப்புக்குச் செய்தி சொல்லி அனுப்பினாள்: உங்க குழி எங்க வீட்ல இருக்கு, வந்து எடுத்துக்கிட்டுப் போங்க.

கிளப்பின் செயலாளர் மேஜர் குரியன் ஓய்வுபெற்று இருபது வருடம் ஆனபிறகும் காலை ஏழு மணிக்கு ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறவர். அவர் விதிப் புத்தகத்தை இரண்டு நாள் படித்தார். ஆட்டம் குழியில் முடிய வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது, குழியின் அகலம் நாலேகால் அங்குலம் என்று எழுதியிருந்தது, குழிக்குமேல் கூரை இருக்கக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. எனவே சனிக்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. ஒன்பதாம் குழி தற்போது இருக்கும் இடத்திலேயே ஆடப்படும். கட்டில், தண்ணீர்க் குடம், சுவர், வாசற்படி இவற்றால் அடிக்க முடியாமல் போனால் தண்டனையின்றிப் பந்தை ஒரு மட்டை நீளம் நகர்த்திக்கொள்ளலாம். அடுப்புக்குள் விழுந்த பந்துக்குத் தண்டனையாகக் கணக்கில் ஒரு அடி கூட்டப்படும். கோழிகளை விரட்டக் கூடாது. கூரை ஓடு ஒன்றை எடுத்துவிட்டுச் சிவப்புக் கொடியை அதன் வழியே நிறுத்தினார்கள், ஓடைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியட்டும் என்று. கடைசியாக ஒரே ஒரு சிக்கல் மிஞ்சியது: அந்த வீடு மைதானத்தின் எல்லைக்கு வெளியே இருந்தது, எல்லைக்கு வெளியே போன பந்து செல்லாது. அதனால் மாதையன் பதினோரு வெள்ளைக் கம்புகளை எடுத்துப்போய் அந்த வீட்டைச் சுற்றி நட்டான். எல்லை வீட்டை உள்ளே வாங்கிக்கொண்டது.

அப்போதுதான் குரியனுக்கு நினைவு வந்தது. அந்த வீடு வீராயியின் கணவர் ராக்கப்பனுடையது. ராக்கப்பன் கிளப்பில் இருபத்தாறு வருடம் ஆட்டக்காரர்களின் மட்டைப் பை தூக்கியவர். மைதானத்தின் எல்லைக்குள் அவர் இனிமேல் காலெடுத்து வைக்கக் கூடாது என்று இரண்டு வருடத்துக்கு முன் கமிட்டி எழுதிய உத்தரவு இன்னும் நடப்பில் இருந்தது.

"மனுஷனை அவன் வீட்டுக்குள்ளேயே வராதேன்னு எப்படிச் சொல்றது?" என்று கமிட்டியில் யாரோ கேட்டார்கள்.

"அவ்வளவு கடுமை வேண்டாம்" என்றார் குரியன். "ஆட்டம் நடக்கிற நேரத்துக்கு மட்டும் வெளியே நின்னால் போதும்னு போட்டுடலாம். வியாழன், சனி, ஞாயிறு. மற்ற நாளெல்லாம் அவர் வீடு அவருக்கு."

அது பெருந்தன்மையான யோசனை என்று எல்லோருக்கும் பட்டது. எல்லோரும் தலையாட்டினார்கள். பெண்கள் பிரிவின் சார்பில் அங்கே உட்கார்ந்திருந்த நானும் தலையாட்டினேன்.

நான் யார் என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்த உத்தரவு பிறந்தது என்னால்தான். என் பெயர் வத்சலா. கீழே சமவெளியில் ஒரு பெண்கள் கல்லூரியில் முப்பத்தோரு வருடம் ஆங்கில இலக்கியம் நடத்தினேன். பதினோரு வருடம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் ராக்கப்பன் என் பையைத் தூக்கினார். அவர் வாயைத் திறந்து காற்றைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. முகவாயை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சற்று உயர்த்துவார், நான் அந்தப் பக்கம் பார்த்து அடிப்பேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு போட்டியில், எவர்சில்வர் கிண்ணம் ஒன்றைத் தவிர வேறெதுவும் கிடைக்காத ஒரு போட்டியில், என் பந்து ஒரு தைலமரத்தின் வேருக்குப் பின்னால் போய் ஒதுங்கிக் கிடந்தது. என் மணிக்கட்டு அன்று வலித்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஷூ முனையால் அதை வெளியே தள்ளினேன், ஒரு சாண்கூட இருக்காது. எதிர்ப் பக்கத்திலிருந்து வந்த சுபத்ரா, எங்கள் பெண்கள் அணியின் தலைவி, நின்று பார்த்தாள்.

"பந்து இங்கேயா இருந்தது?"

அவள் பார்வை முதலில் என்மேல் இருந்தது, பிறகு மெதுவாக ராக்கப்பன்மேல் போனது, ஏனென்றால் பை தூக்குகிறவர்கள் தங்கள் மேடத்துக்காகப் பந்தைக் கால்விரலால் நகர்த்துவது எங்கள் மைதானத்தில் எல்லோரும் அறிந்த வழக்கம். அந்தப் பார்வை என்னிடமிருந்து அவரிடம் போவதற்கு எடுத்துக்கொண்ட நேரம் முழுவதும் எனக்கு இருந்தது. நான் அதைத் தடுக்கவில்லை. கமிட்டி எழுதிக் கேட்டபோது, பந்தை நான் தொடவில்லை என்று நல்ல ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ராக்கப்பனை அழைத்துக் கேட்டார்கள். அவர் என்னைப் பார்க்காமல், "மேடம் எழுதிக் குடுத்திருக்காங்கன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

ஸ்காட்லாந்துப் பயணத்துக்கு வேண்டியதை எல்லாம் நாங்கள் ஆசை ஆசையாகச் சேர்த்துக்கொண்டிருந்தோம். சுபத்ரா அந்த மைதானத்தின் வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துக் கிளப் மேசையில் விரித்து, மணற்குழிகளை ஒவ்வொன்றாகச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தாள். டாக்டர் ஹேமா நான்கு பேருக்கும் கம்பளித் தொப்பி பின்னினாள், யாருடையது யாருக்கும் பொருந்தவில்லை. ரோசலின் மழைக்கோட்டுகளைக் குளிக்கும் அறையில் போட்டுக்கொண்டு நின்று பரிசோதித்தாள். எனக்கு எழுபத்தொரு வயது. வேறு நாட்டுக் கடல்களைக் கரும்பலகையில் வார்த்தைகளால் வரைந்து காட்டியே காலத்தைக் கழித்தவள் நான். புல்வெளி நடந்துகொண்டே போய் ஒரு சாம்பல் நிறக் கடலில் முடிகிற இடத்தில் ஒரு முறை நின்றுவிட வேண்டும் என்று எனக்கு இருந்த ஆசையை அந்த மூன்று பேரிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை.

ஆனால் அங்கே போய் நின்றால் மட்டும் ஆடவிட மாட்டார்கள். ஒருவர் எவ்வளவு திறமையாக ஆடுவார் என்று அவருடைய கிளப் சான்றிதழ் தர வேண்டும். எங்கள் கிளப்பின் பழைய பதிவேடுகள் ஈரத்தில் ஒட்டிப் பலகையாகிவிட்டிருந்தன. புதிதாக ஐம்பத்துநான்கு குழிகள் ஆடி, ஒவ்வொரு அட்டையிலும் கூட ஆடியவரின் கையெழுத்து வாங்கினால்தான் சான்றிதழ் என்றார் குரியன். எங்கள் மைதானத்தில் ஒன்பது குழிகள். அப்படியென்றால் ஆறு சுற்று. ஆறு வியாழக்கிழமைகள், ஆறு முறை ஒன்பதாம் குழி, நான் வெளியேற்றிய மனிதரின் வீட்டுக்குள் ஆறு முறை நான் போக வேண்டும், அவர் வெளியே நிற்க வேண்டும்.

முதல் வியாழக்கிழமை ஓடைப் பாலத்தைத் தாண்டியபோது லைன் வீட்டுப் பெண்கள் வாசல்களில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"வீராயி, உம் மகளைப் பொண்ணு பாக்க வர்றாங்கடி" என்றாள் சின்னப்பொண்ணு. "நாலு பேரும் கையில கம்போட வர்றாங்க. பொண்ணு குடுக்கலேன்னா அடிப்பாங்க போல."

"எனக்கேது மகளு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஷூவ எல்லாம் வெளிய விட்டுட்டு வாங்கம்மா. முள்ளு வச்ச ஷூ."

நாங்கள் வெறுங்காலோடு உள்ளே போனோம். பதினோரு வருடம் என் பையைச் சுமந்தவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒரே அறை. கட்டில், குடம், கயிற்றில் மடித்துப் போட்ட துணிகள். எப்போதோ கிழிந்துபோய் நான் பெரிய மனதோடு அவருக்குக் கொடுத்த இடக்கைத் தோல் உறை அடுப்புக்குமேல் ஆணியில் தொங்கியது. வீராயி அதைப் போட்டுக்கொண்டு கொதிக்கிற பானையைக் குழியிலிருந்து தூக்கி ஓரமாக வைத்தாள், கொடியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "ஆடுங்க" என்றாள். என் பந்து இரண்டு உருட்டலில் விழுந்தது. வெளியே வந்து ஷூவைப் போடக் குனிந்தபோதுதான் பார்த்தேன், வெள்ளைக் கம்புகளுக்கு அந்தப் பக்கம், கம்பிலிருந்து சரியாக ஒரு அடி தள்ளி, ராக்கப்பன் தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார், பேருந்துக்குக் காத்திருக்கிறவரைப் போல.

இரண்டாவது வியாழக்கிழமைக்குள் அது வழக்கமாகிவிட்டது. சனி ஞாயிறு ஆட்டக்காரர்கள் வாசலில் கால் துடைக்க ஒரு சாக்கு வாங்கிப் போட்டிருந்தார்கள். என் பந்து கட்டிலுக்கு அடியில் போனதற்கு, "இம்புட்டு நீளக் கம்ப வச்சுக்கிட்டு இந்தத் தூரத்துக்கு உருட்டத் தெரியல, இவங்க ஏரோப்ளேன் ஏறி எங்க போய் ஆடப் போறாங்க?" என்று ஜன்னலில் நின்ற சின்னப்பொண்ணு கேட்டாள், சுபத்ராவே சிரித்துவிட்டாள். உள்ளே எல்லாம் சுமுகமாக இருந்தது. வெளியே நின்றவரைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை, மழையைப் பற்றி மலையில் யாரும் பேசாததுபோல.

மூன்றாவது வியாழக்கிழமை வீராயி கொடியைப் பிடித்தபடி கேட்டாள்.

"எந்த ஊருக்கும்மா போறீங்க?"

"ஸ்காட்லாந்து. ரொம்பத் தூரம்."

"அங்கயும் வீட்டுக்குள்ளதான் குழி இருக்குமா?"

"இல்லை வீராயி. கடற்கரையில் இருக்கும். வெட்ட வெளி."

"அப்ப அங்க யாரும் வெளிய நிக்க வேண்டாம்" என்றாள். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அந்த ஊர் எப்படிப்பட்டது என்று மனதில் வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான். என் உருட்டல் குழியைத் தாண்டிப் போய் அடுப்பில் முட்டி நின்றது.

நான்காவது வியாழக்கிழமை நடந்ததை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று அந்தக் கூரைமேல் தெரிகிற கொடியைப் பார்த்தேன். காற்று எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. பழக்கத்தில் என் கண் ராக்கப்பனைத் தேடியது. அவர் கம்புக்கு வெளியே, சாக்கைக் கூம்பாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, இருமிக்கொண்டு நின்றார். நான் பார்ப்பதைப் பார்த்தார். அவரும் பழக்கத்தில், தன்னை மறந்து, முகவாயை இடப்பக்கம் உயர்த்தினார். நான் இடப்பக்கம் பார்த்து அடித்தேன். பந்து மழைச்சாரலில் வளைந்து இறங்கி, வாசற்படியில் ஒரு முறை குதித்து, கதவு வழியாக உள்ளே போய்க் குழிக்கு ஒரு முழத்தில் நின்றது. என் தோழிகள் கைதட்டினார்கள். ராக்கப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய முகவாயை அவரே திட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டு, உள்ளே போய், அடிகள் குறைந்தால்தான் வெற்றி என்கிற இந்த ஆட்டத்தில் என் வாழ்க்கையிலேயே மிகக் குறைந்த எண்ணை அந்த அட்டையில் எழுதினேன்.

ஐந்தாவது வியாழக்கிழமை, மற்ற மூவரும் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது, வீராயியிடம் சொல்லிவிடுவதென்று உள்ளேயே தங்கினேன். நாக்குவரை வந்தது. கடைசியில் நான் சொன்னது, "அவருக்கு இருமல் அதிகமா இருக்கு போலிருக்கே, நல்ல மருந்து ஒண்ணு அனுப்பட்டுமா?" என்பது.

"மருந்து தோட்டத்து ஆஸ்பத்திரியில குடுத்திருக்காங்கம்மா" என்றாள் அவள், பானையைத் திரும்பக் குழிமேல் வைத்துக்கொண்டே. "குடிச்சிட்டு ஒரு இடத்துல உக்காரணும்னாங்க. எங்க உக்காருறது? வியாழக்கிழமை காலையில, ராத்திரி ஷிப்ட்டு முடிச்சு வர்றவரு, வெளிய நிக்கிறாரு. நீங்க போனப்புறம் உள்ள வந்து படுத்தா, மறுபடி ஷிப்ட்டு."

கிளப்பை விட்டு நீக்கியபின் அவர் தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் மாடியில் வேலை பார்க்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். தலையாட்டுவது எனக்கு நன்றாகப் பழகியிருந்தது.

ஆறாவது வியாழக்கிழமை மழை கம்பி கம்பியாக இறங்கியது. ஆட்டத்தைத் தள்ளி வைக்கலாமா என்றாள் ஹேமா. விமானத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, சான்றிதழைச் சீக்கிரம் அனுப்ப வேண்டும், ஸ்காட்லாந்தில் இதைவிட மழை பெய்யும் என்றாள் சுபத்ரா. எட்டுக் குழிகளை நனைந்துகொண்டே முடித்தோம். ஒன்பதாவதில் மூவரும் பந்தைப் போட்டுவிட்டு அட்டையில் எண்களை எழுதிக்கொண்டு கதவோரம் நின்றார்கள். என் பந்து குழிக்கு இரண்டடியில் இருந்தது. சின்னப் பிள்ளையும் போட்டுவிடும் தூரம். நான் குனிந்தேன். புல்லின் ஓரத்தில், புல்லும் சிமெண்டும் சேருகிற இடத்தில், ஒரு தட்டில் சோறும் கீரையும் போட்டு மூடியிருந்தது. மூடியின் விளிம்பில் ஆவி பிடித்திருந்தது.

"சீக்கிரம் போடுங்கம்மா" என்றாள் வீராயி மெதுவாக. "சோறு ஆறுது. அவரு ஆறுன சோறு தின்னா ராவெல்லாம் இருமுவாரு."

கதவு வழியாகப் பார்த்தேன். தலையில் போட்டிருந்த சாக்கு நனைந்து முகத்தோடு ஒட்டியிருக்க, அந்த மனிதர் கம்புக்கு வெளியே ஒரு அடி தள்ளி நின்றார். வாசலிலிருந்து பதினைந்து தப்படி இருக்கும். எந்தக் காவலாளியும் இல்லை. ஒரு வெள்ளைக் கம்பு மட்டும் இருந்தது.

கையிலிருந்த மட்டையைக் கட்டிலில் சாத்திவிட்டு, வெறுங்காலோடு சேற்றில் இறங்கிப் போய், அவருக்கு முன்னால் நின்ற கம்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். மழைக்கு மண் இளகியிருந்தது, வந்துவிட்டது.

"வத்சலா, என்ன பண்றே?" சுபத்ரா வாசலிலிருந்து கூப்பிட்டாள். "எல்லைக் கம்பைத் தொடக் கூடாது. ரெண்டு அடி தண்டனை."

இரண்டாவதைப் பிடுங்கினேன்.

"ஏய், உன் அட்டை செல்லாமப் போயிடும். பந்து உள்ளே இருக்கு. எல்லை இல்லேன்னா அது வெளியே போன பந்து."

"ஆமாம்" என்றேன். மூன்றாவது வரவில்லை. ஆட்டி ஆட்டி இழுத்தேன். லைன் வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எவளும் ஒரு கேலியும் சொல்லவில்லை, சின்னப்பொண்ணுகூட. ஒரு கிழவி சேற்றில் வழுக்கி வழுக்கி ஒரு வீட்டைச் சுற்றி வந்து பதினோரு கம்புகளையும் பிடுங்குவதை அவர்கள் மழை விடுவதற்குக் காத்திருப்பவர்களைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுபத்ராவும் மற்றவர்களும் மழைக்காகக் கிளப்பிலிருந்து வந்திருந்த ஜீப்பில் ஏறிவிட்டார்கள். உடம்பு முடியாமல் இப்படிச் செய்கிறாள், கிளப்பில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று ஹேமா சொன்னது எனக்குக் கேட்டது.

கம்புகளை விறகுக் கட்டுபோல அணைத்துக்கொண்டு ராக்கப்பனுக்கு முன்னால் வந்து நின்றேன்.

"அன்னைக்குப் பந்தை நான்தான் தள்ளினேன், ராக்கப்பன்."

"தெரியுங்க மேடம். பக்கத்துலதானே நின்னேன்."

"நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்" என்றார். "சொல்லி? நீங்க எழுதிக் குடுத்துட்டீங்க."

நான் அழவில்லை. அழுதிருந்தாலும் அந்த மழையில் அது எனக்கு வசதியாகப் போயிருக்கும். மன்னிக்க வேண்டும் என்பதற்கான வார்த்தையை நான் தேடிக்கொண்டிருந்தபோது அவர் இருமி முடித்துவிட்டுச் சொன்னார்.

"எனக்குத் தெரிஞ்சதை எங்கிட்ட வந்து சொல்லி என்னங்க மேடம் ஆகப்போகுது? தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

அப்புறம் அவர் சாக்கைத் தலையிலிருந்து எடுத்து உதறி, கம்பு நின்ற குழிகளில் ஒன்றைச் சுற்றிக்கொண்டு நடந்து, வாசலில் கால் கழுவி, உள்ளே போய், என் பந்துக்குப் பக்கத்தில் புல்லின்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தார். வீராயி தட்டின் மூடியை எடுத்தாள். நான் அங்கே நிற்க எந்தக் காரணமும் இல்லை.

ஓடைப் பாலத்தின் வழியாகவும் ஏழாவது குழி மேட்டின் வழியாகவும் பதினோரு கம்புகளோடு நடந்து நான் கிளப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது, மேசையில் அந்தப் பழைய மைதானத்தின் வரைபடம் விரித்திருந்தது. சுபத்ரா, ஹேமா, ரோசலின், குரியன், இன்னும் நாலைந்து உறுப்பினர்கள் அதைச் சுற்றித் தேநீரும் பிஸ்கட்டுமாக நின்றார்கள். ஷூ இல்லாத என் கால்கள் மரத்தரையில் தடம் பதித்தன. கம்புகளை வரைபடத்தின்மேல் போட்டேன். கடல் இருந்த இடத்தில் சேறு பரவியது. எங்கள் கிளப்பில் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். ஆங்கிலத்திலேயே சொன்னேன்: பந்தை நான் தள்ளினேன், ராக்கப்பன் தொடவே இல்லை, நான் எழுதிக் கொடுத்தது பொய்.

குரியன் கோப்பையைக் கீழே வைத்தார். "அதெல்லாம் பழைய கதை மேடம். அந்த ஃபைலை மூடியாச்சு."

இரண்டாவது முறையும் சொன்னேன்.

"நனைஞ்சு போயிருக்கே, முதல்ல உட்காரு" என்றாள் சுபத்ரா. அவள் குரலில் நிஜமான அன்பு இருந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "ஒரு அட்டைதானே போச்சு? அடுத்த வியாழன் மறுபடி ஆடிக்கலாம். மாதையன் கம்பை நட்டுடுவான். டீ ஆறுது பார்."

ரோசலின் என் தோளில் ஒரு துண்டைப் போட்டாள். ஹேமா என் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். வீட்டுக்குள் போன குழியை ஒரு தாளில் எழுதி ஒட்டி எப்படித் தங்களுடையதாக்கிக்கொண்டார்களோ, அப்படியே என் பொய்யையும் அதன்மேல் நான் சொன்ன உண்மையையும் அவர்கள் ஒரு நிமிடத்துக்குள் வாங்கி மடித்து எங்கேயோ வைத்துவிட்டார்கள்; நான் உட்கார்ந்திருந்தால், அந்தத் தேநீரை ஒரு வாய் குடித்திருந்தால், நானும் அதை அங்கேயே வைத்துவிட்டு ஸ்காட்லாந்துக்குப் போயிருப்பேன். போயிருப்பேன் என்பது எனக்குத் தெரியும்.

மூன்றாவது முறை தமிழில் சொன்னேன். இரண்டு வருடமாக என் மனதுக்குள்கூடத் தமிழில் அதைச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. "ராக்கப்பன் மேல நான் பொய்ப் பழி போட்டேன்" என்றேன். சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. கதவைத் தள்ளிக்கொண்டு சமையல்காரர் வந்து நின்றார், அவருக்குப் பின்னால் பரிமாறுகிறவர்கள் இரண்டு பேர். வராந்தாவில் மழைக்கு ஒதுங்கியிருந்த பை தூக்குகிறவர்கள் ஏழெட்டுப் பேர் ஜன்னல்களிலும் வாசலிலுமாகக் கூடினார்கள். இரண்டு வருடமாக அவர்கள் என் பையைத் தூக்கியிருக்கிறார்கள், மாறி மாறி, என் பந்துக்கு மூன்றடி தள்ளியே நின்று. பந்துக்கு அருகில் காலை வைப்பதற்கு ஏன் பயந்தார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

வாசலின் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், மரியாதையாகத்தான், கேட்டது.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க மேடம். பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

நான்காவது முறை சத்தமாகச் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து அவர்கள் மூவரும் போனார்கள். உத்தரவை ரத்து செய்து குரியன் ஒரு தாள் தட்டச்சு செய்து பலகையில் ஒட்டினார்; அதில் என் பெயர் வரவில்லை, நிர்வாகக் காரணங்களால் என்று இருந்தது. நான் பேனாவை எடுத்து அந்த வார்த்தைகளை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன், யாரும் அதை அழிக்கவில்லை, யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. ராக்கப்பன் பை தூக்கத் திரும்பி வரவில்லை. கம்புகளை மறுபடி நட மாதையனுக்கு ஆள் கிடைக்கவில்லை, அவனும் போகவில்லை. எங்கள் கிளப்பில் இப்போது எட்டுக் குழிகள்தான், எட்டு போதும் என்று எல்லோரும் பழகிவிட்டார்கள். குழி அந்த வீட்டிலேயே இருக்கிறது.

வியாழக்கிழமைகளில், முன்பு நாங்கள் அந்த வீட்டில் ஆடிய நேரமான பதினோரு மணிக்கு, நான் அந்த வழியாக நடந்து போகிறேன். கதவு ஒருக்களித்திருக்கும். உள்ளே அவர் இருமுவது கேட்கும், பாத்திரச் சத்தம் கேட்கும், சில நாள் ஒன்றும் கேட்காது, தூங்குகிறார் என்று தெரியும். வெளியே யாரும் நிற்பதில்லை. நான் கதவைத் தட்டுவதில்லை.